படகில் நின்ற பேதுரு

கோவாவில் எங்கள் மீனவர் ஊரில், புனித பேதுரு திருநாளன்று படகுகளைச் சேர்த்துக் கட்டி ஆற்றின்மேலேயே நாடகம் போடுவோம். இருபது வருடமாகப் பேதுரு வேடம் லுடோவினுக்குத்தான். வலை வீசிப் பிழைப்பவன். அவனைப்போல் சிரிக்கவைக்க கோவா முழுக்கத் தேடினாலும் ஆள் கிடையாது.

இந்த வருடம் அவனுடைய பேதுரு சொர்க்க வாசலில் சாவியோடு குறட்டை விட்டார். கரையில் நின்ற வெளியூர்க்காரர் ஒருவர் கொதித்துப்போனார்.

"புனிதரையே கேலி பண்றியா? நிறுத்துடா."

மீன் விற்கும் பியதாத் விடுவாளா? "சேவல் கூவுறதுக்குள்ள ஏசுவையே தெரியாதுன்னு மூணு வாட்டி சொன்னவருய்யா எங்க பேதுரு. ஒரு குறட்டைக்கா கோவிச்சுக்குவாரு?"

வெளியூர்க்காரர் பங்குச் சாமியாரிடம் திரும்பினார். "ஃபாதர், இவன் உங்க பங்கு ஆள்தானே? கேளுங்க."

படகில் லுடோவின் தாடியை நீவினான். "ஃபாதரா? அவரை எனக்குத் தெரியவே தெரியாதே."

எங்கள் சாமியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சேவல் மாதிரி கூவினார்.