ஐந்து பெண்களும் நான்கு வானமும்

"பி.ஏ. படிச்ச பொண்ணு கைக்குப் பிரஷ் எங்க புடிபடப் போகுது? லீவு லெட்டர் எழுதத்தான் ஆகும்."

கோவை உக்கடத்தில் படக்கடை வைத்திருந்த ஜப்பார் பாய் என்னைப் பார்த்த முதல்நாள் சொன்னது இது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரி வரை போய் வந்த தலைக்கனம் கொஞ்சம் இருந்தது. "லீவே எடுக்க மாட்டேனுங்க பாய்" என்றேன். அவர் சிரித்துவிட்டு என் கையில் ஒரு ஸ்கேலையும் பென்சிலையும் கொடுத்தார்.

1. கட்டம்

பழைய ஆயில் பெயின்டிங்குகளைக் கையாலேயே நகல் எடுப்பது எங்கள் தொழில். பஞ்சாலை, ஜின்னிங் ஃபேக்டரி, புகைபோக்கி என்று குடும்பத்துப் பெரியவர் கட்டிய ஏதோவொன்று பல மில்லுக்காரர் வீட்டுக் கூடங்களில் சட்டத்துக்குள் தொங்கும். சொத்தைப் பிரிக்கலாம், படத்தைப் பிரிக்க முடியாது. அப்போது எங்களிடம் வருவார்கள்.

மூலப்படத்தின் மேல் கண்ணாடித்தாள் விரித்துக் கட்டம் போட வேண்டும். கேன்வாஸிலும் அத்தனை கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் இருப்பதை இருக்கிறபடியே கொண்டுவர வேண்டும். எட்டு மாதம் நான் கட்டம் மட்டுமே போட்டேன்.

அப்போதுதான் சூலூரிலிருந்து ஒரு மில்லுக்காரம்மா வந்தார். மாமனார் கட்டிய மில்லின் படம். நான்கு நாத்தனார்களுக்கு நான்கு நகல் வேண்டும். பாய் என்னிடம், "இந்த நாலையும் நீ வரைஞ்சு அது பாஸானா, படம் வரையற ஈஸல் உனக்கு. இல்லாட்டி கட்டம் போடறதோட சரி" என்றார்.

ஒரு மாதம் நான் தரையில் நடக்கவில்லை. பழுப்பு வானம், மங்கிய புகைபோக்கி, மணியே தெரியாத கடிகாரம், கேட்டோரம் ஒரு கறுப்புப் புதர். மாலை வெளிச்சம் என்று பர்ன்ட் அம்பர் என்ற பழுப்பு நிறத்தைத் தாராளமாகக் கலந்தேன். புதருக்கு இலைகூட வைத்தேன். பாய் பார்த்துவிட்டு, "அச்சு அசல்" என்றார். நகல்கள் காயட்டும் என்று மூலப்படத்தை முதலில் திருப்பி அனுப்பினோம்.

2. உருளைக்கிழங்கு

திங்கட்கிழமை பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்கு போன் வந்தது. மில்லுக்காரம்மா.

"ஏனுங்க பாய், வெள்ளிக்கிழமை பேரனுக்குக் காதுகுத்து. நாத்தனாருங்க வாராங்க. படத்தக் கொஞ்சம் தொடைச்சுப்போட்டேனுங்க. வந்து ஒருக்கா பாருங்க."

இருவரும் சூலூருக்கு பஸ் ஏறினோம். கூடத்தில் படத்தைப் பார்த்ததும் பாய் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மா உருளைக்கிழங்கை நறுக்கித் தேய்த்திருக்கிறார். முப்பது வருடச் சாம்பிராணிப் புகை போய்விட்டது. வானம் பளிச்சென்று நீலம். கடிகாரத்தில் மணி ஏழு. நாங்கள் வரைந்த மாலை, மாலையே இல்லை, காலை ஷிப்ட். நாங்கள் நகலெடுத்தது அழுக்கை.

புதர் இருந்த இடத்தில் சோற்றுத் தூக்குப்போசியோடு ஐந்து பெண்கள் கேட்டுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். என் அம்மா இருபது வருடம் மில்லில் நூல் சுற்றும் ரீலிங் வேலை பார்த்தவர். அவரைப் போன்ற ஐந்து பேரை நான் இலை வைத்த புதராக்கியிருந்தேன். அதுவும் நான்கு முறை.

எங்கள் நகல் மாலையில் இருக்கிறது என்றதும் மில்லுக்காரம்மா நெஞ்சில் கைவைத்தார். "விடியறத நீ வெச்சுக்கிட்டு, பொழுது சாயறத எங்க தலையில கட்டிட்டயான்னு கேப்பாங்க. என்ற நாத்தனாருங்களப் பத்தி உங்களுக்குத் தெரியாதுங்க."

"பேசாம இதுக்கு இன்னொரு முப்பது வருசம் சாம்பிராணி போடுங்களேன்" என்றார் பாய்.

எனக்கு ஈஸல் கண்முன்னே தூரப் போய்க்கொண்டிருந்தது. "வெள்ளிக்கிழமை நாலும் விடிஞ்சிருமுங்க" என்றேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

3. நீல விரல்

துடைத்த படத்தைப் பென்சிலில் குறித்துக்கொண்டு கடைக்குத் திரும்பினோம். ஆயில் அவ்வளவு சீக்கிரம் காயாது. டர்பன்டைனைக் கூட்டி, எண்ணெயைக் குறைத்து, அதே நான்கு நகல்களின் மேல் மெல்லிசாகப் பூசினோம். பாய் வானம், நான் கடிகாரமும் பெண்களும். இருபது பெண்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு தூக்குப்போசி. கடைசி நகலை முடிக்கும்போது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவர்கள் நடை அப்படியே என் அம்மாவின் நடை.

வானம் காயாமலே வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. மெட்டடோர் வேனில் சட்டங்களைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டே போனோம். ஒவ்வொரு வேகத்தடைக்கும் பாய் அல்லாவைக் கூப்பிட்டார்.

நான்கையும் வரிசையாகச் சாய்த்து வைத்ததும் மூத்த நாத்தனார் முன்னால் வந்தார். "நாலும் ஒண்ணாட்டவே இருக்குதே. காலண்டராட்ட அச்சடிச்சுப்போட்டு, கையில வரைஞ்சதுன்னு சொல்றயா?" என்றபடி வானத்தில் விரலை வைத்தார். எடுத்தபோது விரல் நீலமாக இருந்தது.

மில்லுக்காரம்மா பதறவேயில்லை. "அச்சுன்னா ஒட்டுமா நங்கையா?" என்று மூத்த நாத்தனாரையே கேட்டார்.

அவ்வளவுதான், மற்ற மூவரும் விரலை நீட்டிக்கொண்டு வந்தார்கள். நான் குறுக்கே கைகளை விரித்து நின்றேன். மூத்தவரிடம், "ரெண்டு நிமிசத்துல சரி பண்ணிக் குடுத்தர்றனுங்க" என்றேன்.

"வேண்டாம் அம்மணி, இருக்கட்டும். எது என்ற படம்னு தெரியோணுமல்ல."

மறுநாள் கடைக்குப் போனபோது ஈஸல் ஜன்னலோரம் என் உயரத்துக்கு இறக்கி வைக்கப்பட்டிருந்தது.

தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். கட்டம் போடும் முன் ஈரப்பஞ்சால் ஒரு மூலையை மெதுவாகத் துடைத்துப் பாருங்கள். எது படம், எது அழுக்கு என்று தெரிந்துகொண்டு பிரஷைத் தொடுங்கள். முக்கியமாக, புதர் என்று நினைக்கும் இடத்தில்.

நகலில் வரைந்தவர் பெயர் போடும் வழக்கமில்லை. சென்ற வாரம் என் அம்மா வேலை பார்த்த மில்லின் மேனேஜரிடம் பேசி, வாசல் கேட்டுக்கு எதிரே உட்கார்ந்து வரைய அனுமதி வாங்கிவிட்டேன். மூலப்படம் என்று ஒன்று இல்லை, கட்டமும் இல்லை. கேன்வாஸ் அடித்தாகிவிட்டது. வலது மூலையில் என் பெயரை முதலிலேயே எழுதிவிட்டேன்.