ஒரே வாளியில் இரண்டு மருந்து

மார்த்தாண்டத்துக்கு மேற்கே அந்த நேந்திரன் வாழைத் தோட்டத்தில் கால் வைத்ததுமே கிழங்கு அழுகும் வாடை வந்தது. அந்த வாரம் போன இடமெல்லாம் அதே வாடைதான். மண் பரிசோதனை வேலைக்கு வந்த பிறகு எந்தத் தோட்டத்திலும் மூன்றை வரிசையாகப் பார்ப்பேன்: இலையின் நிறம், வேரின் நுனி, மண்ணின் மணம்.

இலை மஞ்சள். இன்னும் குலை தள்ளாத ஒரு வாழையை அசைத்தேன், அடியோடு சாய்ந்தது. சத்து உறிஞ்சும் வெள்ளை வேர் ஒன்றுகூட இல்லை. மண்ணை அள்ளி முகர்ந்தேன். நுண்ணுயிர் வாழும் மண்ணுக்கு மழை வாசம் உண்டு. இதில் ஒன்றுமில்லை.

தோட்டத்தைப் பாட்டக் குத்தகைக்கு எடுத்திருந்த அக்காவிடம் என்னென்ன போட்டீர்கள் என்று கேட்டேன். ஓணச் சந்தைக்குக் குலை பெருக்க வேண்டுமென்று யூரியாவைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். அழுகல் கண்டதும் பிளீச்சிங் பவுடர் கரைத்திருக்கிறார். அழுகலைத் தடுக்க நான் முன்பு கொடுத்திருந்த நுண்ணுயிர்ப் பொடியையும் அதே வாளியில் கலந்து ஊற்றிவிட்டார். ஊற்றக் கூலியாள் கிடைத்தது அன்று ஒருநாள்தானாம்.

"ரெண்டும் மருந்துதானே மக்ளே? சேத்து ஊத்தினா சீக்கிரம் கேக்கும்னு நெனச்சேன்."

பிளீச்சிங் பவுடருக்கு நல்ல உயிர், கெட்ட உயிர் தெரியாது, பொடியில் இருந்தவை வாளியிலேயே செத்திருக்கும் என்றேன். வரப்பில் நின்ற அவர் கணவர் சிரித்தார்.

"உசுர வாங்கிட்டு வந்து வாளியில முக்கிக் கொன்னிருக்கா."

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

செய்ய வேண்டியதைச் சொன்னேன். அழுகியதைக் கிழங்கோடு எடுங்கள். வேரை இளக்கி அழுகலுக்கு வழிவிடும் யூரியாவை நிறுத்துங்கள். பவுடரின் காரம் போனதும் புதுப் பொடியைச் சாணத்தில் கலந்து, வேறெதுவும் சேர்க்காமல் வாழையடியில் வையுங்கள். பிறகு காத்திருங்கள். எத்தனையோ தோட்டங்களில் சொன்னதுதான். வாய் தானாகச் சொன்னது. கடைசியைச் சொல்லும்போது மட்டும் வழக்கம்போல் குரல் இறங்கியது.

"காத்திருந்தா ஓணத்துக்கு வெட்டலாமா?"

"முடியாதுக்கா. ஓணம் கழிஞ்சுதான்."

ஓணம் கழிந்த நேந்திரனை யாரும் தேடமாட்டார்கள் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அக்கா நோய் எட்டாத கிழக்கு வரிசையைக் காட்டினார்.

"அதுக்கு மட்டும் யூரியா போடுவேன். அது ஓணத்துக்கு. மத்ததெல்லாம் நீ சொன்னபடி."

அந்த வேரும் அழுகலாம் என்றேன்.

"தெரியும் மக்ளே" என்று மண்வெட்டியை எடுத்து, சாய்ந்த வாழையின் கிழங்கைப் பெயர்க்கத் தொடங்கினார். நான் பையைக் கீழே வைத்துவிட்டு, அவர் பெயர்த்துப் போட்டதை வரப்புக்கு இழுத்தேன்.