வெளிச்சம் வந்தால் மட்டும் அமுக்குங்கள்

"அத்திம்பேர், நூத்துக்கு நூறு!" என்று சொல்லிக்கொண்டே ஆழ்வார்பேட்டை கண் ஆஸ்பத்திரியின் பரிசோதனை அறையிலிருந்து வெளியே வந்தான் வைத்தி. சில மாதங்களுக்கு முன் நடந்தது இது.

வைத்தி என் மனைவியின் தம்பி. மயிலாப்பூரில் மிருதங்கம் சொல்லித் தருகிறான். ஐம்பதைத் தாண்டிவிட்டான். ஆனால் பரீட்சை என்றால் இன்னும் முதல் மார்க் வாங்கியே ஆக வேண்டும்!

இது கண் பரீட்சை. படிக்கிற கண்ணாடி மாற்றப் போன இடத்தில், கண்ணுக்குள் பிரஷர் அதிகம், க்ளாக்கோமா ஆரம்பம் என்று சொல்லிச் சொட்டு மருந்து கொடுத்திருந்தார்கள். வலி இல்லை, சிவப்பு இல்லை. நேராகப் பார்த்தால் எல்லாம் பளிச். பார்வை ஓரத்திலிருந்து சத்தமில்லாமல் கரையும்... கரைந்தது திரும்பாது. அதனால் ஆறு மாதத்துக்கு ஒரு தரம் ஓரப் பார்வையை அளக்க வேண்டும்.

எப்படி அளப்பது? பெரிய வெள்ளைக் கிண்ணம் போன்ற மெஷினுக்குள் முகத்தை வைத்து நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். அங்கங்கே குட்டி வெளிச்சம் மின்னும். தெரிந்தால் கையிலுள்ள பட்டனை அமுக்க வேண்டும். தெரியாமல் விட்ட இடம் ரிப்போர்ட்டில் கறுப்பாக விழும். அவ்வளவுதான்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"சார், வெளிச்சம் வராதப்பகூட அமுக்கியிருக்கீங்க."

"கரெக்டாத்தானே அமுக்கினேன்?"

"மெஷின் நடுநடுவுல சத்தம் மட்டும் போடும், வெளிச்சம் காட்டாது. நீங்க அதுக்கும் அமுக்கியிருக்கீங்க. இதை நம்பி நான் ஒண்ணுமே சொல்ல முடியாது."

வைத்தி அசடு வழிந்தான். "அது ஒரு தாள நடையில வந்துண்டிருந்தது டாக்டர். அடுத்தது எப்போ விழும்னு தெரிஞ்சுடுத்து. கை தானா..."

எனக்குச் சிரிப்பு வந்தது. டாக்டருக்கு வரவில்லை.

"மருந்து ஒழுங்கா விடறீங்களா?"

வைத்தி என்னைப் பார்த்தான். அப்புறம் தரையைப் பார்த்தான். "போன தடவை ரிப்போர்ட்டை வாங்கிண்டு நேரா ஆத்துக்குப் போயிட்டேன். அதுல கறுப்பே இல்லை. சரி, குணமாயிடுத்துன்னு நிறுத்திட்டேன்."

"இதுக்கு மார்க் கிடையாது சார்," என்றார் டாக்டர். "தெரியலேன்னா சும்மா இருங்க. எனக்கு வேண்டியது அதுதான்."

அடுத்த வாரம் மறுபடி டெஸ்ட். இந்தத் தடவை நூத்துக்கு நூறு இல்லை. ரிப்போர்ட்டில், இடது கண்ணுக்கு, மேல் ஓரத்தில், கறுப்பாக ஒரு திட்டு.

ஆட்டோவில் லஸ் முனை தாண்டும்போது சொன்னான். "கொஞ்ச நேரம் ஒண்ணுமே வரலை அத்திம்பேர். மெஷின் நின்னுடுத்தோன்னு நெனைச்சேன். அது காட்டிண்டுதான் இருந்திருக்கு... எனக்குத்தான் தெரியலை."

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து காலையும் மாலையும் சொட்டு மருந்து. வகுப்பு நடுவில் என்றாலும், மிருதங்கத்தை நகர்த்தி வைத்துவிட்டு அண்ணாந்துகொள்கிறான்.

கூடப் பிறந்தவர்களுக்கும் வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் என் மனைவியையும் அழைத்துப்போனேன். "எனக்கு என்ன கேடு? ஊசி கோக்கறேனே!" என்றாள். ஊசி கோப்பது நடுப் பார்வை, அம்மணி! அவளுக்கும் கண்ணுக்குள் பிரஷர் கொஞ்சம் கூடுதல். கண் நரம்பு நன்றாக இருக்கிறது. வருஷம் ஒருமுறை வரச் சொன்னார்கள். முணுமுணுத்தாலும் போவாள், நான் விடமாட்டேன்.

உங்கள் குடும்பத்தில் யாருக்காவது இது உண்டா? அப்படியென்றால் நீங்களும் ஒரு நடை போய்விட்டு வாருங்களேன்.

போன வாரம் வைத்திக்கு அடுத்த டெஸ்ட். பழைய பேப்பரையும் புதுப் பேப்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார் டாக்டர். அதே திட்டு. அதே அளவு. வியாதி நின்ற இடத்திலேயே நிற்கிறது.

"அத்திம்பேர், ஒரு முன்னேற்றமும் இல்லையாம்!" என்று கத்திக்கொண்டே வராந்தாவுக்கு ஓடி வந்தான் வைத்தி.

உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். நானோ எழுந்து கை குலுக்கினேன்!