பாக்கெட்டில் போகிற சைஸ்

படப்பையில் அச்சகம் வைத்திருக்கிறேன். ஒரகடம் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, தான் எழுதிய கவிதைகளோடு நீல யூனிஃபார்மில் வந்தாள். பேசும்போதெல்லாம் விரல் கிரீஸைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"டெமி சைஸ்ல பெருசா போடலாம்மா. அலமாரில வச்சா எடுப்பா இருக்கும்" என்றேன்.

"எங்க லைன்ல யார் வூட்ல சார் புக்கு அலமாரி கீது? பையும் கம்பெனி உள்ள வுட மாட்டாங்க. சட்டைப் பாக்கெட்ல போற மாதிரி குடுங்க."

கிரவுன் தாளில் பதினாறில் ஒரு பங்கு, உள்ளங்கை அளவு என்று முடிவானது.

"அட்டையில உன் பேரு?"

"வேணாம் சார். கவிதைக்குள்ள எங்க சூப்பர்வைசரும் வர்றாரு" என்று முதல்முறையாகச் சிரித்தாள்.

பிறகு அவளைப் பார்க்கவில்லை. ஒருநாள் பஸ்ஸில் அதே யூனிஃபார்ம்காரர் ஒருவர் அந்தப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தார். யார் எழுதியது என்று கேட்டேன்.

"தெர்ல சார். எங்க கூட லைன்ல நின்னவங்கதான் எழுதிகீறாங்க."