எனக்கு நானே கொடுத்த தண்டனை

சென்ற ஆண்டு புளியங்குடியிலிருந்து சங்கரன்கோவிலுக்கு ஸ்கூட்டரில் வரும்போது, வேகத்தடையைக் கவனிக்காமல் ஏற்றிவிட்டேன். பின்னால் உட்கார்ந்திருந்த என் மாமியார் தூக்கி வீசப்பட்டார். நல்லவேளை, தலையில் அடியில்லை. ஆனால் காலெலும்பு முறிந்து, இன்றும் சற்றுச் சாய்ந்துதான் நடக்கிறார்.

அத்தை என்னை அன்றே மன்னித்துவிட்டார். என்னால்தான் முடியவில்லை. அதன்பின் ஸ்கூட்டரைத் தொடவில்லை. எனக்குப் பிடித்த மீன்குழம்பை விட்டேன். வெள்ளிதோறும் பட்டினி கிடந்தேன். தினமும் ஜெபத்தில் அதே மன்னிப்பைக் கேட்டு அழுதேன்.

புனித வெள்ளி ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அத்தை பிடித்துக்கொண்டார்.

"ஏட்டி, நம்ம தண்டனையெல்லாம் இயேசப்பா சிலுவையில ஏத்துக்கிட்டாருன்னு இப்பதான கேட்டுட்டு வாரோம்? பெறவு நீ எதுக்குத் தனியா ஒரு தண்டனைய அனுபவிக்க? அவரு பட்டது ஒனக்குப் பத்தலையோ?"

சிறுவயதிலிருந்து கேட்ட செய்திதான். அது எனக்கும் சேர்த்துத்தான் என்பது அன்றுதான் உறைத்தது. அழுது ஓய்ந்தபோது நெஞ்சு லேசாகியிருந்தது. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

இப்போதெல்லாம் அந்த விபத்துக்காக மன்னிப்புக் கேட்பதில்லை, நன்றி சொல்கிறேன். ஞாயிறுதோறும் அத்தையை ஸ்கூட்டரில் ஆலயத்துக்கு அழைத்துப்போகிறேன், நிதானமாகத்தான்.

"ஏட்டி, கொஞ்சம் வெரசா போ, பாட்டு முடிஞ்சிரும்" என்று பின்னாலிருந்து அவசரப்படுத்துவது அவர்தான்.