இரட்டைப் பிள்ளைக்காரியின் கால்

சுவரில் கையை ஊன்றிக்கொண்டு தனலெட்சுமி வலது காலைக் கணவரின் இடுப்பின் மேல் வைத்தாள். குப்புறப் படுத்திருந்தவர் மூச்சைப் பிடித்தார்.

"மூச்ச உடுங்க. கட்ட மாதிரி கெடந்தா எப்படி மிதிக்கிறது?"

"நீ மொத ஏறு லா. ரோகினி காடிய ஓட்டிக்கிட்டு வந்துருவா."

ஏறினாள். மூன்று மிதி. ஒவ்வொரு மிதிக்கும் "போச்சா?" என்று கேட்டாள். அவரும் ஒவ்வொரு முறையும் "போச்சு" என்றார். அப்படிச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் மிதி பலிக்காது.

பகாவ் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் தனலெட்சுமியின் காலுக்குப் பெயர் உண்டு. இரட்டைப் பிள்ளை பெற்றவள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்பது அங்கே யாரும் சந்தேகப்படாத விஷயம். ரோகினியையும் சத்தியசீலனையும் பெற்றுக்கொண்டு அவள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மாதமே பக்கத்து வீட்டுக்காரி பஞ்சாலை இடுப்பைப் பிடித்தபடி வாசலில் வந்து நின்றாள். பச்சை உடம்பு என்று சொல்லிப் பார்த்தாள் தனலெட்சுமி. பஞ்சாலை அதற்குள் பாயை விரித்துப் படுத்துவிட்டாள்.

பிறகு பால்மரம் வெட்டுகிறவர்கள் வந்தார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும் குலை அறுக்கிறவர்கள் வந்தார்கள். ஒருமுறை தோட்ட ஆபீஸ் கிராணியே வந்து படுத்தார். அவருக்கு மட்டும் நான்கு மிதி. அதைச் சொல்லும்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். நாற்றுப் பண்ணையில் மண்ணைப் பையில் நிரப்பும் வேலையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இடுப்புப் பிடித்துக்கொண்டால் மட்டும் வேலை வாங்கும் மண்டோருக்கும் அவள் அக்கா.

அவளிடம் அதிகம் மிதி வாங்கியவர் கணவர் முருகையாதான். குலை ஏற்றும் டிராக்டர் ஓட்டுகிறார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது வந்த வலி. ஞாயிற்றுக்கிழமை அவள் அதைப் போக்குவாள். திங்கட்கிழமை டிராக்டர் குலுக்கிக் குலுக்கித் திரும்பக் கொண்டுவந்துவிடும். அவள் டிராக்டரைத்தான் திட்டினாள்.

செண்டாயானில் வேலை பார்க்கும் ரோகினிதான் பாரோயில் ஓரிடம் கண்டுபிடித்தாள். முதுகெலும்பைக் கையால் நெட்டி எடுக்கும் வைத்தியம். முருகையா ஒருமுறை போய் வந்திருந்தார். இன்று தனலெட்சுமியும் கிளம்பினாள். யார் அந்தக் கைக்காரி என்று பார்த்துவிட வேண்டும். போவதற்கு முன்னால் தன் காலையும் ஒருமுறை வைத்துவிட வேண்டும்.

மகள் அவர்களைக் கடை வரிசையின் முன் இறக்கிவிட்டாள். கிளினிக் மாடியில் இருந்தது.

"முதுகு சாக்கிட்டுன்னு நோவோட வர்றவங்கள மாடியேற வைக்கிறாங்க பாரு. நல்ல யாவாரம்," என்றாள் தனலெட்சுமி.

உள்ளே ருமைசா என்ற இளம்பெண் இருந்தாள். தனலெட்சுமி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒங்களுக்கு எத்தன புள்ளங்க?"

"கல்யாணமே ஆகல ஆன்ட்டி."

தனலெட்சுமி கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார்.

ருமைசா அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். மேல் காலை மடக்கினாள். ஒரு கையால் தோளைப் பிடித்துக்கொண்டு மறு முன்கையை இடுப்பில் வைத்துச் சட்டென்று அழுத்தினாள். முறுக்குக் கடித்ததுபோல் ஒரு சத்தம். தனலெட்சுமி தன் காலைப் பார்த்துக்கொண்டாள். அது ஒருநாளும் இப்படிச் சத்தம் எழுப்பியதில்லை.

"இப்ப எப்படி இருக்கு அங்கிள்?"

"போச்சு."

"போன தடவையும் போச்சுன்னுதான் சொன்னீங்க. அப்படின்னா இனிமே வர வேண்டாம். நீங்க நல்லா ஆயிட்டீங்க."

முருகையா கட்டிலிலிருந்து இறங்கினார். குனியாமல் கால் விரலால் துழாவிச் செருப்பைத் தேடினார். வீட்டிலும் அப்படித்தான் தேடுவார். சோம்பேறித்தனம் என்று அவள் எத்தனையோ முறை ஏசியிருக்கிறாள்.

அந்த 'போச்சு' காலையில் அவள் கேட்ட அதே குரல். அதே வேகம்.

பேசாமல் இருந்திருக்கலாம். அவள் காலின் பெயர் அப்படியே இருந்திருக்கும்.

"போகலம்மா," என்றாள். "நாந்தான் இவர இப்படிப் பழக்கி வச்சிருக்கேன். நான் மிதிச்சுக் கேட்டா போச்சுன்னு சொல்லணும். இங்கயும் அதையே சொல்றாரு."

"மிதிக்கிறீங்களா? முதுகுல ஏறியா?"

"இன்னிக்கிக் காலையிலகூட."

ருமைசா அவரைக் கட்டிலில் உட்காரவைத்து, நாற்காலியை இழுத்து எதிரில் உட்கார்ந்தாள். "நெசமா சொல்லுங்க அங்கிள். வலி இருக்கா?"

அவர் மனைவியைப் பார்த்தார். "இருக்கு."

"ஒரு வாரங்கூடப் போகலயா?" என்று கேட்டது தனலெட்சுமி.

"நீ மேல நிக்கிறப்ப நல்லாத்தான் இருக்கும், தனம். எறங்குனா வந்துரும்."

"அப்ப எறங்காமலே நின்னிருப்பேன் லா. அங்கயே சோறு பொங்கியிருப்பேன்."

ருமைசா சிரித்துவிட்டாள். அவர்கள் சிரிக்கவில்லை.

"நான் செய்யுறதாலயும் முழுசாப் போயிடும்னு சொல்ல மாட்டேன், ஆன்ட்டி. சில பேருக்குக் கொறையும். கொறையுற நேரத்துல நடக்கணும், ஒடம்ப அசைக்கணும். பயந்து படுத்துடக் கூடாது. ஆனா மிதிக்கிறத விட்டுடுங்க. வயசான எலும்பு, ஒடஞ்சுடும்."

"இவர மட்டுமா, எல்லாரையுமா?"

ருமைசா தயங்கினாள். "எல்லாரையும்தான்."

தனலெட்சுமி குனிந்து செருப்பை எடுத்து அவர் காலருகே வைத்தாள். "அடுத்தது எப்ப வரணும்னு கேட்டுக்குங்க," என்றாள்.

திரும்பும்போது அவர் முன் இருக்கையிலிருந்து மெதுவாகக் கேட்டார்.

"கோவமா?"

"கிராணியும் பொய்தான் சொன்னாரா?"

"அவரு சொல்லாம இருக்க முடியுமா? அஞ்சாவது மிதி வந்துருமே."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகையோ என்று ரோகினி கண்ணாடியில் பார்த்தாள். அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் முருகையா வேலைக்குப் போனார். மதியத்துக்கு மேல் வலித்தது. வந்ததும் மனைவியிடம் சொன்னார். சாயங்காலம் குலை அறுக்கும் வீரமுத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். தனலெட்சுமி இனிமேல் மிதிப்பதில்லை என்றாள். அவர் நம்பாமல் போனார். பிறகு கணவனும் மனைவியும் செம்மண் பாதையில் நடக்கப் போனார்கள். பாதித் தூரத்தில் மழை பிடித்துக்கொண்டதால் திரும்பினார்கள்.