எல்லைக்கல்லுக்கு அப்பால் நானூறு கஜம்

1889-இல் தொடங்கி 1974 மார்ச் கடைசி நாளோடு மூடப்பட்ட எங்கள் கெல்ஷயர் மாவட்டக் கவுன்சிலைப் பற்றி யாராவது பெருமை பேசினால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். எண்பத்தைந்து வருஷத்தில் என் பண்ணை வாசலுக்கு வரும் ரோட்டில் அது ஒரு கூடை ஜல்லி போட்டதில்லை. போட்டவர் நெட் ரெல்ஃப். அவர் எங்கள் கவுன்சில் ஆளே இல்லை. பக்கத்து மாவட்டமான ரேவன்ஷயரின் ரோட்டுக்காரர்.

ரோட்டுக்காரர் ஒவ்வொருவருக்கும் இத்தனை மைல் என்று அளந்து விட்டிருப்பார்கள். அந்தப் பங்கில் ஓரக்கால்வாய் தூர்வாருவது, பள்ளம் அடைப்பது, பனிக்காலத்தில் மணலும் உப்பும் தூவுவது எல்லாம் அவர் பொறுப்பு. நெட்டின் பங்கு ஆற்றுப் பாலத்தில் தொடங்கி மேட்டிலிருக்கும் எல்லைக்கல்லோடு முடியும். கல்லைத் தாண்டி இன்னும் மேலே ஏறினால் நானூறு கஜத்தில் என் கேட், அதோடு ரோடும் முடிந்தது. அந்த நானூறு கஜம் கெல்ஷயர். எங்கள் ஆட்கள் அங்கே வர மலையைச் சுற்றி இருபது மைல் வரவேண்டும். வருவார்களா, என்ன?

நெட் ஒல்லியான மனிதர். பத்து கேள்வி கேட்டால் ஒரு 'ம்' வரும். சைக்கிளில் மண்வெட்டியைக் கட்டிக்கொண்டு, மேற்பார்வையாளர் எழுந்திருப்பதற்கு முன்பே வந்து என் பக்கத்து வேலையை முடித்துவிடுவார். டீ கொடுத்தால் கேட்டுக்கு வெளியே நின்றே குடிப்பார். அவர் பயம் எனக்குத் தெரியும். ரேவன்ஷயர் சரக்கைக் கல்லுக்கு இந்தப் பக்கம் கொட்டியது தெரிந்தால் வேலை போய்விடும். வேலையோடு கவுன்சில் கொடுத்த வீடும் போகும். அவர் மனைவி எட்னாவோ முடக்குவாதத்தில் படுத்தவர்.

புகார் நின்றால் ரோட்டைச் சரிசெய்வது யார் என்று தேடுவார்கள். அவரைக் காட்டிக்கொடுக்கக் கூடாதே என்று நான் வருஷா வருஷம் எங்கள் கவுன்சிலுக்கு ரோடு படுமோசம் என்று கடிதம் போடுவேன். ஒருவரும் எட்டிப்பார்க்காமலே, நேரில் பார்த்ததில் ரோடு நல்ல நிலையில் இருப்பதாக வருஷா வருஷம் பதில் வரும். எரிச்சலாக இருக்கும், சிரிப்பாகவும் இருக்கும்.

இரண்டு கவுன்சில்களையும் கலைத்து ஒன்றாக்கப் போகிறார்கள் என்றதும் எல்லா ரோட்டையும் கணக்கெடுக்கக் கிளம்பினார்கள். 1974 பிப்ரவரியில் இரண்டு மாவட்ட என்ஜினீயர்களும், புதுக் கவுன்சிலுக்கு வரப்போகும் ஆஷ்வொர்த் என்ற அதிகாரியும் என் கேட்டில் வந்து நின்றார்கள். ரோட்டைப் பார்த்து ஆஷ்வொர்த் பாராட்டினார். கெல்ஷயர் என்ஜினீயர் உடனே தங்கள் ஆட்களின் வேலை என்றார். எந்த ஆள், பெயர் என்ன என்று ஆஷ்வொர்த் கேட்டதும் மனிதர் மேகத்தைப் பார்த்தார். கொட்டிக்கிடந்த ஜல்லி ரேவன்ஷயர்க் குவாரிக் கல். ஆகவே நெட்டைக் கூப்பிட்டார்கள்.

தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"நான்தான் சார் செஞ்சேன். பதினோரு வருஷமா."

"உங்க பங்கு கல்லோட முடியுதுன்னு தெரியும்ல?" என்றார் ஆஷ்வொர்த்.

"எனக்குத் தெரியும் சார், தண்ணிக்குத் தெரியல. இங்க கால்வா அடைச்சா, கீழ என் ரோட்டுலதான் வந்து நிக்குது."

ரேவன்ஷயர் என்ஜினீயர் இது திருட்டு, இன்றே வேலையை விட்டு நிறுத்துகிறேன் என்று குதித்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"தண்ணி இறங்கி வரும், சரி. பனியுமா இறங்கி வருது? யோவ் நெட், என் கேட்டு வரைக்கும் பனிய எதுக்குய்யா வெட்டின? சொல்லேன்."

அவர் காது சிவந்தது. நானே சொன்னேன். 1963 ஜனவரியில் எனக்குப் பிரசவ வலி. பனி தள்ளும் லாரி வழக்கம்போலக் கல்லைக் கண்டதும் திரும்பிப் போய்விட்டது. அதன் பின்னால் வந்த மருத்துவச்சி கல்லருகே மாட்டிக்கொண்டாள். அங்கே மணல் தூவிக்கொண்டிருந்த நெட் இடுப்பளவு பனியை நாலு மணி நேரம் வெட்டி வழி செய்து அவளைக் கூட்டிவந்தார். கொடி கழுத்தைச் சுற்றிப் பிறந்தாள் என் ஜேனட். மருத்துவச்சி இன்னும் கால் மணி பிந்தியிருந்தால் பிள்ளை இல்லை. அதற்கப்புறம் ஒரு பனிக்காலத்திலும் அவர் அந்த வழியை மூடவிட்டதில்லை.

"பொண்ணு எங்க?" என்றார் ஆஷ்வொர்த்.

"ஸ்கூலுக்குப் போயிருக்கா. இந்த ரோட்டுலதான் நடந்து போனா."

அவர் ரேவன்ஷயர் என்ஜினீயரிடம் திரும்பினார். "ஒரு காயிதத்துக்குப் பதில் போட உங்க ஆபீஸுக்கு எட்டு வாரம் ஆகுது. இன்னும் ஆறு வாரத்துல இந்த எல்லைக் கோடே கிடையாது. யாரு, எதைத் தாண்டினதுக்கு நடவடிக்கை எடுப்பீங்க?"

பிறகு வரைபடத்தை என் கேட்டின் மேலேயே விரித்து, நெட்டின் பங்கைப் பென்சிலால் கேட் வரை நீட்டினார். நான் அழுதேன். வெட்கமெல்லாம் படவில்லை.

அந்த டிசம்பரில் முதல் பனி. ஜன்னலில் நின்று லாரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லருகே வந்ததும் பழக்கதோஷம், திரும்பப்போகிறது என்றே நினைத்தேன். அது திரும்பவில்லை. பனியைத் தள்ளிக்கொண்டு நேரே கேட்டுக்கு வந்தது. டிரைவர் பக்கத்திலிருந்து நெட் இறங்கினார்.

டீயை எடுத்துக்கொண்டு நான் வெளியே ஓடுவதற்குள் அவரே கேட்டைத் திறந்து உள்ளே வந்து, சமையலறையில் ஜேனட்டுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். இரண்டு கோப்பை குடித்தார்.